பத்தாயிரம் குலுக்கலில் ஒரு பூஜ்ஜியம்

அலுவலகத்தில் அவளுக்கு மாட்டேனக்கா என்று பெயர். முதுகுக்குப் பின்னால்தான் அப்படி. முகத்துக்கு நேரே வெறும் அக்கா. அவளுக்கும் இது தெரியும். தெரிந்தும் யாரையும் கேட்டதில்லை, ஏனென்றால் தப்பில்லாத ஒன்றைத் திருத்துகிற வழக்கம் அவளுக்குக் கிடையாது.

அவள் வேலை அப்படி. ஒரு சாஃப்ட்வேர் கம்பெனியின் மூன்றாவது மாடியில், தண்ணீர் கேனுக்கும் பிரிண்டருக்கும் நடுவே ஒரு மேசை. மேசைமேல் ஒரு திரை. திரையில் அடுத்தடுத்து இரண்டு படங்கள். இடப்பக்கம் இருப்பது பழையது. போன முறை அந்த சாஃப்ட்வேர் என்ன விடை சொன்னதோ அதை அப்படியே எடுத்து வைத்த நகல். வலப்பக்கம் இருப்பது இன்றைக்குச் சொன்ன விடை. இரண்டும் ஒன்றாக இருந்தால் பச்சை. ஓர் எழுத்து மாறினாலும் சிவப்பு. சிவப்பு வந்தால் கீழே இரண்டு பொத்தான்கள் முளைக்கும்: 'ஏற்கிறேன்', 'மறுக்கிறேன்'. ஏற்கிறேன் என்று அழுத்திவிட்டால் புதியது போய்ப் பழையதன் நாற்காலியில் உட்கார்ந்துகொள்ளும். நாளையிலிருந்து அதுதான் சரி, மற்றதெல்லாம் தப்பு. இதற்கு ஸ்னாப்ஷாட் சோதனை என்று பெயர். அந்த மாடியில் சுருக்கமாகப் 'படம்' என்பார்கள்.

மற்ற டெஸ்டர்களுக்கு ஏற்கிறேன் பொத்தானை அழுத்துவது ஈ ஓட்டுகிற மாதிரி. கை பாட்டுக்கு அழுத்தும், வாய் பாட்டுக்கு யாரோடாவது பேசிக்கொண்டிருக்கும். இவள் மட்டும் ஒவ்வொரு சிவப்புக்கும் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, ஏன் மாறியது என்று எழுந்துபோய் எழுதியவரையே கேட்பாள். காரணம் சொன்னால் ஏற்பாள். சும்மா அழுத்துக்கா என்றால் மாட்டேன் என்பாள். பெயர் வந்த கதை இவ்வளவுதான்.

இந்தக் குணம் அலுவலகத்தில் ஒட்டிக்கொண்டது அல்ல. பள்ளி இறுதித் தேர்வில் தன் கணக்குத்தாளின் கூட்டலில் தப்பிருப்பதாக அவளுக்குச் சந்தேகம் வந்தது. மறுகூட்டலுக்கு எழுதிப் போட்டாள். தப்பு இருந்தது உண்மைதான். இரண்டு மதிப்பெண் குறைந்து வந்தது. வீட்டில் எல்லோரும் தலையில் அடித்துக்கொண்டார்கள். அவளோ புதிய மதிப்பெண் தாளை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, "இதுதான் என் மார்க்" என்றாள். கல்யாணத்துக்குப் பிறகு பல வருடம் மருந்து ஆலை ஒன்றில் நின்றாள். ஓடுகிற பட்டையில் வரும் சீசாக்களின் ஒட்டுத்தாள், சுவரில் மாட்டிய மாதிரித்தாளோடு ஒத்துப்போகிறதா என்று பார்க்கிற வேலை. கால் வீங்கிப்போய், ஆறு மாதம் மாலை வகுப்புப் படித்து, முப்பத்தெட்டாவது வயதில் இந்த மூன்றாவது மாடிக்கு வந்து சேர்ந்தாள். சீசாவுக்குப் பதில் திரை. மற்றபடி அதே வேலைதான், உட்கார்ந்துகொண்டு செய்யலாம்.

இப்படிப்பட்டவள் ஒரே ஒரு தடவை கண்ணை மூடிக்கொண்டு ஏற்கிறேன் என்று அழுத்தியிருக்கிறாள். அந்த ஒரு தடவைதான் அவளை இழுத்துப்போட்டு அடித்தது.

வேலைக்குச் சேர்ந்த இரண்டாவது வாரம் அது. வீட்டு வாரியத்துக்காகக் கம்பெனி ஒரு குலுக்கல் சாஃப்ட்வேர் செய்திருந்தது. வருடத்துக்கு ஒருமுறை வாரியம் வாடகை குறைந்த வீடுகளைக் கொடுக்கும். மனுக்கள் வந்த வரிசைப்படி நாற்பது நாற்பதாகக் கட்டிவைப்பார்கள். ஒரு கட்டுக்கு நாலு வீடு. நாற்பதில் எந்த நாலு என்பதைச் சாஃப்ட்வேர் குலுக்கிச் சொல்லும்.

குலுக்கலுக்குப் படம் எடுப்பது எவ்வளவு பெரிய கூத்து என்று அப்போது யாருக்கும் உறைக்கவில்லை. குலுக்கல் என்றாலே ஒவ்வொரு தடவையும் வேறு விடை வரவேண்டும். படமோ ஒவ்வொரு தடவையும் அதே விடையைத்தான் கேட்கும். பிறகென்ன, தினமும் காலையில் சிவப்பு. தினமும் யாராவது ஒருவர் ஏற்கிறேன். புலி வருது புலி வருது கதையாகிப்போய், சிவப்பைக் கண்டால் யாரும் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. கடைசியில் அந்த சாஃப்ட்வேரை எழுதியவரே ஒரு வழி சொன்னார். கம்ப்யூட்டர் குலுக்குவது நம்மைப்போலக் கையைவிட்டுக் கிளறி அல்ல. ஏதோ ஒரு எண்ணில் ஆரம்பித்துக் கணக்குப் போட்டுக்கொண்டே போகும். ஆரம்பிக்கிற அந்த எண்ணை விதை எண் என்பார்கள். விதை ஒன்றானால் விளைவதும் ஒன்று. அதனால் சோதனைக்கு மட்டும் விதையை ஏழு என்று கட்டிப்போட்டுவிட்டால் எப்போதும் அதே நாலு பேர்தான் வருவார்கள், படமும் பச்சையாகவே இருக்கும்.

கட்டிப்போட்டார்கள். முதல் படம் வந்தது. புதிதாகச் சேர்ந்த அவளை ஏற்கச் சொன்னார்கள். "எதோட ஒப்பிடணும்?" என்று அவள் கேட்டாள். முதல் படத்துக்கு ஒப்பிட எதுவும் இருக்காது, அழுத்தினால் போதும் என்றார்கள். அழுத்தினாள். அதன்பிறகு ஆறு வருடம், நாள் தவறாமல் பச்சை.

ஏழாவது வருடம், குலுக்கலுக்குப் பத்து நாள் இருக்கும்போது, உள்ளே இருந்த ஏதோ ஓர் உதிரிப் பகுதியைப் புதுப்பித்தார்கள். எண்களைக் குலுக்குகிற முறை மாறியது. விதை அதே ஏழுதான், ஆனால் வந்த நாலு பேர் வேறு. படம் சிவந்தது. காரணம்தான் தெரிகிறதே, ஏற்றுவிடுங்கள் என்று செய்தி வந்தது. அவள் கண்ணாடியைத் துடைத்தாள். இடப்பக்கம் நாலு எண், வலப்பக்கம் வேறு நாலு எண். இரண்டு கூட்டமும் சரியாக இருக்கலாம். இரண்டும் தப்பாகவும் இருக்கலாம். பார்த்துச் சொல்ல ஒரு வழியும் இல்லை. ஆறு வருடமாகப் பச்சைப்பச்சையாக அவள் பார்த்துக்கொண்டிருந்தது சாஃப்ட்வேர் சரியா என்பதை அல்ல, நேற்றைப்போலவே இன்றும் இருக்கிறதா என்பதை மட்டும்தான். இது புரிந்ததும் அவளுக்கு வந்த கோபம் முதலில் அவள்மேலேயே வந்தது.

மறுக்கிறேன் என்று அழுத்தினாள். பிறகு யாரையும் கேட்காமல் ஒரு காரியம் செய்தாள். விதையை அவிழ்த்துவிட்டாள். ஒன்று, இரண்டு, மூன்று என்று பத்தாயிரம் வரை ஒவ்வொரு விதையாகக் கொடுத்து, பத்தாயிரம் குலுக்கல் நடத்தி, எந்த இடத்தில் இருப்பவர் எத்தனை தடவை வந்தார் என்று எண்ணச் சொன்னாள். நாற்பதில் நாலு என்றால் பத்தில் ஒன்று. ஆளுக்கு ஆயிரம் தடவை பக்கமாக வரவேண்டும். கம்ப்யூட்டர் எண்ணி முடிப்பதற்குள் டீ ஆறிவிட்டது.

ஒன்றாம் இடம், ஆயிரத்துப் பத்தொன்பது. இரண்டாம் இடம், ஆயிரத்து நாற்பத்து மூன்று. மூன்றாம் இடம், தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றெட்டு. விரலை வைத்துக்கொண்டே கீழே இறங்கினாள். எல்லாம் ஒழுங்கு. எல்லாமே ஒரு பிடி கூடுதலாக இருக்கிறதே என்று தோன்றியது. முப்பத்தொன்பதாம் இடம், ஆயிரத்து முப்பது. நாற்பதாம் இடம், பூஜ்ஜியம்.

மறுபடி ஓட்டினாள். பூஜ்ஜியம். உதிரிப் பகுதியைப் பழையதாக்கி ஓட்டினாள். பூஜ்ஜியம்தான். கம்ப்யூட்டர் பூஜ்ஜியத்திலிருந்து எண்ணும் என்பதால் நாற்பதில் ஒன்றைக் கழிக்கவேண்டும். எழுதியவர் இரண்டு இடத்தில் கழித்திருந்தார். ஒரு வரிப் பிழை. அந்த வரிக்கு ஆறு வயது. வருடத்துக்கு எட்டுக் கட்டு, ஆறு வருடத்துக்கு நாற்பத்தெட்டு. நாற்பத்தெட்டு மனுக்கள் கடைசி இடத்தில் மாட்டிக்கொண்டு, ஒரு தடவைகூடக் குலுக்கலுக்குள் போகாமலே தோற்றிருக்கின்றன. தோற்றவர்களுக்கு எப்படித் தெரியும்? கட்டுக்கு முப்பத்தாறு பேர் தோற்கிற இடத்தில் ஒருவர் மட்டும் தனியாக அழுவாரா என்ன?

எழுதியவர் இப்போது மேனேஜர். கழுவுகிற மீனில் நழுவுகிற மீன். யாரிடமும் இல்லை என்று சொன்னதில்லை, எதற்கும் ஆமாம் என்றும் சொன்னதில்லை. அவள் தாளைக் கொண்டுபோய் வைத்ததும் அவர் மறுக்கவெல்லாம் இல்லை. பார்த்தார், ஐந்து நிமிடத்தில் அந்த வரியைத் திருத்தினார். திருத்தியதும் படம் இன்னொரு தடவை மாறியது. மறுத்தவர்தான் மறுபடி ஏற்கவேண்டும், ஏன் ஏற்கிறார் என்று காரணமும் எழுதவேண்டும் என்பது வாரியத்தோடு போட்ட ஒப்பந்தம். அந்தக் காரணம் சோதனை அறிக்கையோடு வாரியத்துக்குப் போகும். மேனேஜர் அவளை உட்காரச் சொன்னார். காரணக் கட்டத்தில் 'வழக்கமான மேம்பாடு' என்று எழுதிவிட்டால் விஷயம் முடிந்தது என்றார்.

பழைய ஆறு வருடம் என்னாவது என்று அவள் கேட்டாள். அவர் பொறுமையாகவே விளக்கினார். நாற்பத்தெட்டு பேரும் உள்ளே போயிருந்தால்கூட வீடு கிடைத்திருக்கப் போவது நாலைந்து பேருக்கு. அந்த நாலைந்து பேர் யார் என்று இனி எந்தக் கடவுளாலும் சொல்லமுடியாது. அவர்களுக்கே தெரியாத நஷ்டத்தைத் தோண்டியெடுத்து யாருக்கு என்ன லாபம்? பிழை திருந்தியாயிற்று, இந்த வருடத்திலிருந்து எல்லோருக்கும் நியாயம். கேட்பதற்கு நன்றாகத்தான் இருந்தது. அவர் பேச்சே அப்படித்தான், கேட்கும்போது ஓட்டை தெரியாது.

"சார், சீட்டு போட்டுத் தோக்குறது வேற. சீட்டே போடாம நீ தோத்துட்டன்னு சொல்லி வீட்டுக்கு அனுப்புறது வேற. நாலஞ்சு பேர இல்ல, நாப்பத்தெட்டு பேர ஏமாத்திருக்கோம்."

"ஏமாத்தினோம்னு ஏன் சொல்றீங்க? தெரியாம நடந்தது."

"இன்னைக்குத் தெரிஞ்சிருச்சே சார். இனிமே நடக்குறது தெரிஞ்சு நடக்குறதுதான்."

மேனேஜர் பேனாவை மூடி வைத்தார். மாதக் கடைசியில் அவளுடைய வேலை ஒப்பந்தம் புதுப்பிக்க வருகிறது என்பதை, சும்மா ஞாபகம் வந்ததுபோல, மென்மையாகச் சொன்னார். அப்புறம் அந்த முதல் படத்தை ஏற்றது யார் என்று பதிவில் பார்த்ததாகவும் சொன்னார். நாளை காலை வரை யோசிக்கச் சொன்னார்.

அவள் வீட்டுக்குப் போனாள். வீடு என்பது இரண்டு அறை. உள்ளறையில் அவளும் கணவனும் மகளும். முன்னறையில் ஒரு தையல் மெஷின், பள்ளிச் சீருடைத் துணிகள் ஒரு குவியல், அந்தக் குவியலுக்கும் சுவருக்கும் நடுவே பாய் போட்டுப் படுத்துக்கொள்ளும் நாத்தனார். கணவனின் அக்கா. புருஷனோடு ஒத்துவராமல் மெஷினோடு வந்து ஐந்து வருடம் ஆகிறது. நல்லவள்தான். ஆனால் இரண்டு நல்லவர்களுக்கு ஒரு சமையலறை போதாது. தனக்கென்று ஒரு கதவு, அதற்கொரு பூட்டு வேண்டும் என்பது நாத்தனாரின் ஒரே ஆசை. மூன்று வருடமாக வீட்டு வாரியத்துக்கு மனுப் போடுகிறாள். மூன்றும் தோல்வி. இது நாலாவது.

தன் அலுவலக விஷயங்களை அவள் வீட்டில் பேசுவதில்லை. அன்றைக்குப் பேசினாள். வேன் ஓட்டும் கணவன் சட்டைப் பொத்தானைக் கழற்றியபடியே கேட்டுவிட்டு, "சொந்த செலவுல சூனியம் வச்சுக்கிறது இதுதான்" என்றான். அவன் வேனுக்கு இந்த வருடம் பாதிச் சவாரிதான். பள்ளிக்கூடமே சொந்தமாகப் பஸ் வாங்கிவிட்டது. அவள் சம்பளம் நின்றால் என்ன ஆகும் என்று அவன் வாய்விட்டுச் சொல்லவில்லை, சொல்லவேண்டிய தேவையும் இல்லை.

நாத்தனார் மெஷினை நிறுத்தினாள். தன் பழைய ரசீதுகளைத் தகரப் பெட்டியிலிருந்து எடுத்துவந்து நீட்டினாள். எந்தக் கட்டு, எத்தனையாவது இடம் என்று ரசீதில் இருக்கும். நாற்பது என்று இருந்துவிடாதா என்கிற நப்பாசை அந்தக் கையில் தெரிந்தது. பதினேழு. ஒன்பது. முப்பத்திரண்டு. மூன்று தடவையும் ஒழுங்காக உள்ளே போய், ஒழுங்காகத் தோற்றிருக்கிறாள். கூடவே, நாற்பதாவது ஆள் ஆட்டத்திலேயே இல்லாததால் மற்ற முப்பத்தொன்பது பேருக்கும் ஒரு நூல் கூடுதலாகவே வாய்ப்பு இருந்தது என்பதையும் மாட்டேனக்கா சொல்லித் தொலைத்தாள். மறுகூட்டலுக்கு எழுதிப்போட்ட வாய் அது, சும்மா இருக்குமா?

நாத்தனார் முட்டாள் இல்லை. அடுத்து என்ன வரும் என்று அவளே கண்டுபிடித்தாள்.

"நீ இத வெளிய சொன்னா அந்த நாப்பத்தெட்டு பேருக்கு எதாவது செய்யணும்ல?"

"செய்யணும் அண்ணி."

"எங்கேருந்து எடுத்துச் செய்வாங்க? இந்த வருஷ வீட்லருந்துதான?"

"அப்படித்தான் இருக்கும்."

"அப்ப யாரோ முகம் தெரியாதவங்களுக்காக என் வீட்டுல ஒரு செங்கல்ல உருவுற. அதுவும் உன் வேலையையும் பணயம் வச்சு."

அவளால் இல்லை என்று சொல்லமுடியவில்லை, ஏனென்றால் அது உண்மை. உண்மையை எதிர்த்து அவளுக்குப் பேசத் தெரியாது. நாத்தனார் மெஷினை மறுபடி மிதிக்க ஆரம்பித்தாள். அன்றிலிருந்து அவளோடு பேச்சை நிறுத்தினாள். தண்ணீர் வேண்டும் என்றால்கூட மகளிடம் சொல்லித்தான் கேட்டாள்.

அவளுக்குப் பயமாகவே இருந்தது. இதைச் சொல்லிவிடவேண்டும், இல்லையென்றால் ஏதோ பயமே அறியாதவள் என்று நினைத்துக்கொள்வீர்கள். காலையில் பஸ்ஸில் நின்றுகொண்டே, 'வழக்கமான மேம்பாடு' என்று எழுதினால் என்ன ஆகிவிடும் என்று நினைத்துப் பார்த்தாள். ஒன்றும் ஆகாது. அதுதான் அவளுக்குப் பிடிக்கவில்லை. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்துவிட்டுச் சாப்பிடவும் உட்காரவேண்டும், அதுவும் வருடம் முழுக்க.

மேசையில் உட்கார்ந்து, முதலில் ஒரு புதிய சோதனையை எழுதினாள். இனி ஒரே ஒரு குலுக்கலைப் படம் எடுத்து வைத்துக்கொண்டு ஏமாறுவதில்லை. பத்தாயிரம் குலுக்கல், நாற்பது இடம், ஒவ்வோர் இடமும் எண்ணூற்று ஐம்பதுக்கும் ஆயிரத்து நூற்று ஐம்பதுக்கும் நடுவில் வரவேண்டும். ஒருவர் வெளியே நின்றாலும் சிவப்பு. ஓட்டினாள். நாற்பதாம் இடம், தொள்ளாயிரத்து எண்பத்தேழு. அந்த எண்ணைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு காரணக் கட்டத்தைத் திறந்து எழுதினாள்:

'பழைய படம் தவறு. ஆறு வருடங்களாக ஒவ்வொரு கட்டிலும் நாற்பதாவது மனு குலுக்கலில் சேர்க்கப்படவே இல்லை. இப்படி விடுபட்டவை நாற்பத்தெட்டு மனுக்கள். அந்தப் பழைய படத்தைச் சோதிக்காமல் ஏற்றவள் நான்.'

ஏற்கிறேன் என்று அழுத்தினாள். அழுத்தியதை அழிக்கமுடியாது, அறிக்கை சாயங்காலம் தானாகவே போய்விடும்.

மேனேஜர் மதியமே பார்த்துவிட்டார். அறைக்குக் கூப்பிட்டு, கதவைச் சாத்தி, இதுவரை அவள் கேட்டறியாத குரலில் பேசினார். ஊரோடு ஒத்துப்போகத் தெரியாதவர்களுக்குக் கம்பெனியில் இடமில்லை என்றார். சொந்தக்காரி யாருக்காவது வீடு வாங்கித்தர ஆடுகிற நாடகமா என்றும் கேட்டார். எதையெதையோ தாங்கிக்கொண்டவள் இதற்குச் சிரித்துவிட்டாள். வீட்டில் அந்தச் சொந்தக்காரி தன்னோடு பேசுவதையே நிறுத்திவிட்டாள் என்று சொன்னாள். மேனேஜர் நினைத்தால் அறிக்கையை அனுப்பாமல் நிறுத்தலாம்; ஆனால் அறிக்கை போகாவிட்டால் புதிய சாஃப்ட்வேர் போகாது, புதியது போகாவிட்டால் குலுக்கல் நடக்காது. அவருக்கு நழுவ இடமில்லாமல் போனது அன்றைக்குத்தான்.

இரண்டு நாளில் வாரியத்திலிருந்து மேனேஜருக்கும் அவளுக்கும் அழைப்பு வந்தது. அதிகாரி ஒரு நடுத்தர வயதுப் பெண். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, அச்செடுத்த அறிக்கையைக் கண்ணருகே வைத்துப் படிப்பவர். மேனேஜர் கணிதத் துல்லியம், சர்வதேசத் தரம் என்று கால்மணி நேரம் பேசினார். அதிகாரி குறுக்கிடாமல் கேட்டார். பிறகு காரணக் கட்டத்தில் இருந்த நாலு வரியையும் சத்தமாக வாசித்துவிட்டு, கடைசி வரியை எழுதியது யார் என்றார்.

"நான்தான் மேடம்."

"இத எழுதாம இருந்திருந்தா உங்க பேரு வெளிய வந்திருக்காது."

"வந்திருக்காது. அந்த நாப்பத்தெட்டு பேரு பேரும் வந்திருக்காது."

இப்போது என்ன செய்யலாம் என்கிறீர்கள் என்று அதிகாரி கேட்டது மேனேஜரை. பதில் சொன்னது இவள். யாருக்குக் கிடைத்திருக்கும் என்று சொல்லமுடியாது, ஆனால் எத்தனை பேருக்கு என்று சொல்லமுடியும். பத்தில் ஒன்று என்றால் நாற்பத்தெட்டுக்கு ஐந்து. அந்த நாற்பத்தெட்டையும் தனியாக ஒரு கட்டாகக் கட்டி, ஐந்து வீட்டுக்கு முதலில் குலுக்குங்கள் என்றாள். அதிகாரி கண்ணாடியை இறக்கிப் போட்டுக்கொண்டு அதை எழுதிக்கொண்டார். ஐந்து வீடும் இந்த வருடத்து முப்பத்திரண்டிலிருந்துதான் போகும் என்றார். அதாவது, எட்டுக் கட்டில் ஐந்து கட்டுக்கு நாலுக்குப் பதில் மூன்று வீடுதான். எந்த ஐந்து கட்டு என்பதையும் சீட்டுப் போட்டே எடுத்தார்கள். நாத்தனாரின் கட்டு அந்த ஐந்தில் ஒன்று.

மாதக் கடைசியில் அவளை வேலையைவிட்டு அனுப்பவில்லை. அறிக்கையில் பெயர் இருக்கிற ஆளை அனுப்பினால் வாரியம் ஏனென்று கேட்கும். குலுக்கலிலிருந்து மட்டும் எடுத்துவிட்டார்கள். வண்டி நிறுத்துமிடத்துக் கதவைத் திறந்து மூடுகிற சாஃப்ட்வேருக்கு மாற்றினார்கள், சன்னல் இல்லாத கீழ்மாடிக்கு. போன முதல் நாளே அங்கே இருந்த முதல் படத்தை யார் ஏற்றது, எதைப் பார்த்து ஏற்றார்கள் என்று கேட்டாள். கீழ்மாடிக்காரர்களுக்கும் அவள் பட்டப்பெயர் அன்றைக்கே விளங்கிவிட்டது.

குலுக்கல் நாள் வந்தது. பேசாமல் இருந்த நாத்தனார் அன்றைக்குக் காலையில் புடவை மாற்றிக்கொண்டு வாசலில் நின்றாள். வா என்றும் சொல்லவில்லை, வராதே என்றும் சொல்லவில்லை. இருவரும் ஒரே பஸ்ஸில், வேறு வேறு இருக்கையில் போனார்கள். வாரியத்தின் கூடத்தில் பெரிய திரை. முதலில் அந்த நாற்பத்தெட்டு. பெயர்கள் ஓடி நின்றன, ஐந்து வந்தன. கூடத்தின் பின்வரிசையிலிருந்து ஒரு பெரியவர் எழுந்து, தன் பெயர்தானா என்று பக்கத்தில் இருப்பவரை மூன்று தடவை படிக்கச் சொல்லிக் கேட்டார். பிறகு உட்கார்ந்து முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டார். நாத்தனார் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அப்புறம் எட்டுக் கட்டும் வந்தன. நாத்தனாரின் கட்டில் மூன்று பெயர்கள் வந்தன. அவள் பெயர் இல்லை.

கூட்டம் கலைந்தபோது மாட்டேனக்கா திரையில் இருந்த மூன்று பெயர்களையும் மறுபடி எண்ணிப் பார்த்தாள். நாலாவதாக ஒரு பெயர் வந்திருந்தால் அது யாருடையது என்று எவராலும் சொல்லமுடியாது. ஆனால் சொல்லமுடியாது என்பதே அவளுக்கு அன்றைக்கு ஆறுதலாக இல்லை. படியில் இறங்கும்போது நாத்தனார் அவள் பக்கத்தில் வந்தாள். இத்தனை நாளைக்குப் பிறகு நேராக அவளைப் பார்த்துக் கேட்டாள்.

"என் பேரு உள்ள இருந்துச்சா?"

"இருந்துச்சு அண்ணி."

"நெஜமா?"

"பத்தாயிரம் தடவ பாத்தேன். எல்லாரும் இருந்தாங்க."

நாத்தனார் தலையை ஆட்டினாள். முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "அப்ப சரி. நான்தான் தோத்திருக்கேன், என்னை யாரும் தோக்கடிக்கல. அடுத்த வருஷமும் போடுவேன்." இரண்டு படி இறங்கியவள் நின்றாள். "அடுத்த வருஷம் இத யாரு பாப்பா? உன்னத்தான் கீழ்மாடிக்கு அனுப்பிட்டாங்களே."

"வேற யாராவது பாப்பாங்க."

"எப்படிப் பாப்பாங்க? உன்ன மாதிரி பாப்பாங்களா, இல்ல சும்மா அழுத்துவாங்களா?"

கூடத்து வாசலில் மேனேஜர் அதிகாரிகளுக்குக் கைகொடுத்துக்கொண்டு நின்றார். அவர்தானே உன் மேனேஜர் என்று நாத்தனார் கேட்டாள். ஆமாம் என்று சொல்வதற்குள் இறங்கிய படியையெல்லாம் மறுபடி ஏறிப் போய்விட்டாள். கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, கட்டுக்கட்டாகத் தோற்ற ஜனங்கள் இறங்கி வருகிற வழியில், மேனேஜரின் எதிரே போய் நின்றாள்.

"சார், நான் உள்ள இருந்து தோத்தவ. அடுத்த வருஷம் நாங்க எல்லாரும் உள்ள இருக்கோமான்னு யாரு பாக்கப்போறா? பேரச் சொல்லுங்க."

மேனேஜர் சிரித்தார், அது பற்றி உரிய இடத்தில் பேசலாம் என்றார். நாத்தனார் நகரவில்லை. இறங்கிக்கொண்டிருந்தவர்களில் நாலைந்து பேர் நின்று திரும்பிப் பார்த்தார்கள். ஒருவர் தன் ரசீதை எடுத்துப் பிரித்தபடி மேலே ஏறிவந்து நாத்தனாருக்குப் பின்னால் நின்றார், அவருக்குப் பின்னால் இன்னொரு பெண். பேரைச் சொல்லுங்க சார் என்று நாத்தனார் மறுபடி கேட்டாள்.